அட்டைப்பெட்டியில் இருந்த ஆபரேட்டர்

ஓரகத்திகள் ஒத்துப்போன வீட்டைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் எங்கள் வீட்டைக் காட்ட மாட்டேன். கீழ்வீட்டில் என் கணவரின் அண்ணன் குடும்பம், மேல்வீட்டில் நாங்கள். தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது, மொட்டை மாடிக் கொடியில் யார் துணி முதலில் காய்வது என்று எனக்கும் அண்ணன் மனைவிக்கும் வாரம் ஒரு வாய்ச்சண்டையாவது நடக்காமல் இருக்காது. அதிலும் அவளோடு வாய்கொடுத்து ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பேச்சுதான் அவள் தொழில்.

எங்களுக்கு அவள் அக்கா. ஊருக்கு அவள் ஹலோ அக்கா. பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டர். அந்த ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது அவள் குரலைத்தான். ஆனால் அவள் முகத்தை அறிந்தவர்கள் குறைவு. அவள் உட்கார்ந்திருந்த அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. படி சரிந்த மாதிரியே கூரையும் சரிந்திருக்கும், சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு கால் ஆடுகிற சுழல் நாற்காலி, சுவரில் ஒரு மின்விசிறி, வரிசையாகப் பொத்தான்களும் சின்னச் சின்ன விளக்குகளும் உள்ள பலகை. தலைக்கு மேலே நாள் முழுவதும் செருப்புச் சத்தம். யார் அவசரமாக ஏறுகிறார்கள், யார் அழுதுகொண்டு இறங்குகிறார்கள் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

அவள் அந்த வேலைக்காகப் படித்து வந்தவள் இல்லை. வார்டு துடைக்கத்தான் சேர்ந்தாள். அவள் கணவரை எங்கள் வீட்டில் மூத்தவர் என்போம். மர அறுவை ஆலையில் வேலை. ரம்பத்தின் இரைச்சல் கல்யாணமான சில வருடங்களிலேயே அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. காது மந்தமானவரிடம் கத்தினால் புரியாது. வாயைத் திறந்து, நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் அப்படிப் பேசிப் பேசியே அக்காவின் பேச்சு தெளிந்துபோனது. ஒருநாள் ஆபரேட்டர் காய்ச்சல் என்று வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. படியடியில் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, பொறுக்க முடியாமல் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்துவிட்டாள். மறுமுனையில் ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரான பெரிய டாக்டர்.

"யாரும்மா பேசறது? இந்த போன்ல ஒருத்தர் சொல்றது எனக்கு முழுசா புரியறது இதுதான் முதல் தடவை" என்றாராம்.

துடைப்பம் போய் ஹெட்செட் வந்தது அப்படித்தான்.

போனை எடுத்ததும் சொல்ல வேண்டியது என்று நிர்வாகம் ஒரு நீண்ட வாக்கியத்தை எழுதிக் கொடுத்திருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளியே எழுந்து வந்துவிடுவார் என்பாள் அக்கா. அவளாகவே ஒன்றை வைத்துக்கொண்டாள்: "வணக்கம், ஆஸ்பத்திரி. பதறாம சொல்லுங்க, நான் கேக்கறேன்." பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் தெருவின் பெயரே மறந்துபோய் ஒருவன் போனில் அழுதபோது, "சரி, தெரு பேர் வேணாம். வாசல்ல நின்னா எதிர்ல என்ன தெரியுது?" என்று கேட்டு, தண்ணீர்த் தொட்டியையும் சலூனையும் வைத்தே ஆம்புலன்ஸை அனுப்பியவள் அவள்.

இப்படிப்பட்டவளை ஒருநாள் புதிதாக வந்த மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மெத்தென்று பேசுகிற ஆள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வித்தை தெரிந்தவர். மேஜையில் இரண்டு டீ வைத்திருந்தார்.

"அம்மா, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்க உங்கள எடுக்கல, அந்தப் பதவியத்தான் எடுக்கறோம்."

"பதவிய எடுத்தா அதுல உக்காந்திருக்கற நான் எங்க சார் போவேன்?"

"மிஷின் வருதும்மா. ஒண்ணு அமுக்கினா அவசரப் பிரிவு, ரெண்டு அமுக்கினா டாக்டர் வர்ற நேரம். எல்லாம் அதுவே பேசிக்கும். இனிமே ஆபரேட்டர்னு ஒருத்தர் தேவையே இல்ல."

"அப்போ வேற எங்கயாவது போடுங்க. சீட்டு எழுதற இடம், மருந்துக் கிடங்கு. பழையபடி வார்டு துடைக்கச் சொன்னாலும் சரிதான்."

"எங்கயும் இடமில்லம்மா. ஆட்குறைப்பு நேரம்."

நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். "டீ கூட ஆறல, அதுக்குள்ள என் வேலை ஆறிப்போச்சு" என்று பிறகு எங்களிடம் சொன்னாள். நர்சுகள் சேர்ந்து ஒரு பிளாஸ்க் வாங்கிக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

நான்தான் குதித்தேன். "கேட்ட இடத்துல கையெழுத்து போட்டுட்டு வர்றதுக்கா உனக்கு இவ்வளவு வாய்? என்கிட்ட கொடிக்கயித்துக்கு மட்டும் அந்தக் கத்து கத்தற!"

"மிஷின் வருதுன்னா நான் என்னடி பண்ணுவேன்? மழை வருதுன்னா மழைகிட்டயா போய் சண்டை போட முடியும்?"

மழை மாதிரிதான் இதுவும் என்று நானும் நம்பினேன்.

அடுத்த சில வாரங்கள் அக்கா வீட்டில் இருந்தாள் என்பதைவிட, வீட்டில் வைக்கப்பட்டிருந்தாள் என்பதே சரி. கொடியில் என் துணிதான் முதலில் காய்ந்தது. தொட்டியை அவளே கழுவினாள். எதற்கும் சண்டைக்கு வரவில்லை. செல்போன் அடித்தால், "வணக்கம், ஆஸ்ப..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஒருநாள் மூத்தவர், காது கேட்காத மூத்தவர், சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து, "என்ன வீடு இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது.

ஒரு காலையில் அவர் ஆலையிலிருந்து பாதியில் திரும்பி வந்தார். கண்ணில் மரத்தூள். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கண் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்க அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மிஷின்தானே எடுக்கும், எந்தப் பொத்தானை அமுக்கச் சொல்லுமோ என்று போனைக் கையில் தயாராகப் பிடித்திருந்தாள்.

"வணக்கம், ஆஸ்பத்திரி. பதறாம சொல்லுங்க, நான் கேக்கறேன்."

இளம்பெண்ணின் குரல். அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் எல்லாவற்றையும் நானும் கேட்டேன்.

"யாரும்மா நீ?"

"ஆபரேட்டருங்க."

"மிஷின் வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்களே?"

"மிஷினா? ஓ, அதுவா. அது இன்னும் அட்டைப்பெட்டியிலயே இருக்குங்க. அது மேலதான் நான் டிபன் டப்பா வைக்கறேன்."

"நீ எப்போ சேர்ந்த?"

"போன மாசம் முதல் திங்கக்கெழமைங்க. உங்களுக்கு யாருங்க வேணும்?"

அக்கா வேலையை விட்டு வந்தது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

அவள் பதில் சொல்லாமல் போனை வைத்தாள். கண்ணைப் பொத்திக்கொண்டிருந்த மூத்தவர், "டாக்டர் இருக்காராமா?" என்று கேட்டார். அக்கா கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. ஆனால் ஒரு மாதமாகச் செத்துக்கிடந்த அவள் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன்.

"கிளம்புங்க. கண்ணையும் காட்டிடலாம், நானும் கண்ணால பாத்துடறேன்" என்றாள்.

மூத்தவரைக் கண் டாக்டரின் அறை வாசலில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் படியடிக்குப் போனோம். அதே மேஜை, அதே ஆடுகிற நாற்காலி. இருபதைத் தாண்டிய ஒரு பெண் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி. ஒட்டிய டேப் கூடப் பிரிக்கப்படவில்லை. அதன்மேல் டிபன் டப்பா.

அக்கா யார் என்று தெரிந்ததும் அந்தப் பெண் எழுந்தாள். தலை கூரையில் இடித்தது.

"மெதுவா! அங்க எல்லாருக்கும் ஒரு தடவை இடிக்கும்" என்றாள் அக்கா. அவளைத் திட்டுவாள் என்று நினைத்திருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பெண் சொன்னதில் எல்லாம் விளங்கியது. ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி வழியாக அவளை எடுத்திருந்தார்கள். நிரந்தரம் இல்லை, விடுப்பு இல்லை, சம்பளமும் குறைவு. பதவியின் பெயர் மட்டும் நீளம்: தகவல் தொடர்பு ஒருங்கிணைப்பாளர். மலிவாக ஒரு ஆளை வைத்துக்கொள்வதற்காக மிஷினைச் சாக்குச் சொல்லியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே அதை மறைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. பூசணிக்காய்மேல் டிபன் டப்பாவே வைத்திருந்தார்கள்.

மறுநாளே நான் அக்காவைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இழுத்தேன் என்று சொல்வது என் பெருமைக்கு. உண்மையில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அங்கே இருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அக்கா வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க குரல எங்கயோ கேட்டிருக்கேனே."

"ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணியிருப்பீங்கம்மா."

"ஆமா! என் பையனுக்கு வலிப்பு வந்தப்போ நீங்கதான் பேசினீங்க." ஒரு கணம் அந்த முகம் இளகியது. உடனே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஆனா அது இங்க கணக்குல வராது. நடந்தது என்ன, அத மட்டும் சொல்லுங்க."

அக்கா சொன்னாள். அதிகாரி கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேலை போச்சா, இல்ல ஆள் போனீங்களா?"

எங்களுக்குப் புரியவில்லை என்று கண்டு அவரே விளக்கினார். "வேலையே இல்லாம போச்சுன்னா அது ஆட்குறைப்பு. அப்போ கூட முன்னாடியே உக்காந்து பேசணும், வேற இடம் இருக்கான்னு நிஜமாவே தேடணும். ஆனா வேலை அப்படியே இருக்கு, நாற்காலி அப்படியே இருக்கு, உக்கார்ற ஆள் மட்டும் மாறியிருக்குன்னா அதுக்குப் பேரு ஆட்குறைப்பு இல்ல. உங்கள வெளிய தள்ளியிருக்காங்க. பதவிக்கு வேற பேர் வெச்சாலும் அது மாறாது. அப்படியே அவங்களுக்கு மறுபடி ஆள் வேணும்னா கூட, முதல்ல அனுப்பின உங்களத்தான் கூப்பிட்டிருக்கணும்."

"நான் கையெழுத்து போட்டுட்டேனேம்மா."

"மிஷின் வருதுன்னு நம்பித்தானே போட்டீங்க? பொய் சொல்லி வாங்கின கையெழுத்த வெச்சு உரிமைய வாங்கிட முடியாது. ஆனா புகார் குடுக்க ஒரு கெடு இருக்கு. அது முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். குடுக்கறதுன்னா இப்பவே குடுங்க."

அக்கா அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

புகார் போனதும் மேனேஜர் வீட்டுக்கே போன் செய்தார். இன்னும் கொஞ்சம் பணம் பார்த்துப் போட்டுத் தருகிறோம், விஷயத்தை இத்தோடு விட்டுவிடுங்கள் என்றார். அக்கா மறுத்ததும், எங்களிடம் வக்கீல் இருக்கிறார் என்றார். அன்று சாயங்காலம் கீழ்வீட்டில் பெரிய வாக்குவாதம். மூத்தவருக்குப் பயம்.

"குடுக்கறத வாங்கிக்கிட்டு சும்மா இரு. யானைகிட்ட போய் எறும்பு மல்லுக்கு நிக்கலாமா?"

"எறும்பு யானையோட காதுக்குள்ள போனா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"என்ன?"

"எறும்பு! காதுக்குள்ள! போனா!"

"என் காதுல ஏற்கனவே ரம்பம் போயாச்சு, எறும்பு வேறயா?" என்றார் மூத்தவர். அவர் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே புரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. அக்கா சிரித்துவிட்டாள். பிறகு அவர் எதிரில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "அவங்க குடுக்கறது எத்தனை நாளைக்கு வரும்ங்கறது இல்லங்க. நான் தப்பு பண்ணி வெளிய வரல. மிஷின் வந்து வெளிய வரல. ஏமாத்தி அனுப்பியிருக்காங்க. அத ஏத்துக்கிட்டா நான் ஏமாந்தவளாவே செத்துப்போவேன்."

மூத்தவர் தலையாட்டினார். "சரி. நானும் வரேன். எனக்கு ஒண்ணும் கேக்காது. ஆனா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

இதற்கிடையில் எதிர்பாராத விருந்தாளி ஒருத்தி வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பையோடு அந்த ஆபரேட்டர் பெண். வாசலில் நின்று செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க கேஸ் குடுத்திருக்கீங்களாமே. என் வேலை போயிடுமா? அம்மாவுக்கு உடம்பு முடியாது. நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன்." குரல் உடைந்தது. "யாராவது கேட்டா மிஷின்தான் எல்லாம் பண்ணுது, நான் மேற்பார்வை பாக்கறேன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

எனக்கு வேறொரு கோபம் மிச்சமிருந்தது. "அதெல்லாம் இருக்கட்டும். எங்க அக்கா சொல்ற வார்த்தை உன் வாயில எப்படி வந்துச்சு?"

அவள் திகைத்தாள். "சின்ன வயசுலேருந்து அம்மாவுக்காக நான்தான் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுவேன். எப்பவும் அப்படித்தான் எடுப்பாங்க. ஆஸ்பத்திரி போன்னா அப்படித்தான் சொல்லணும்னு நினைச்சேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் தட்டு இருந்தது. "முதல்ல சாப்பிடு. நான் கேக்கறது என் நாற்காலிய. உன் சோத்த இல்ல. நம்ம ரெண்டு பேரையும் ஒரே நாற்காலிக்கு அடிச்சுக்க விட்டுட்டு வேடிக்கை பாக்கறாங்க, அதுக்கு நாம இடம் குடுக்கக் கூடாது. அங்க ஒரு ஆள் போதாதுன்னு நான் எத்தனையோ வருஷமா சொல்லிட்டிருக்கேன். சாயங்காலம் நான் வேலை முடிச்சு வீட்டுக்கு வந்தப்புறம் அடிக்கிற போன வாட்ச்மேன்தான் எடுக்கறார். அவர் எல்லாரையும் 'காலையில பண்ணுங்க'ன்னு சொல்றார். உடம்பு காலைக்காகக் காத்திருக்குமா?"

"யாராவது கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"அத நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லிக் குடுத்தா அவங்க பண்ணதையே நானும் பண்ண மாதிரி ஆயிடும். உனக்கு எது சரின்னு படுதோ, அதைச் சொல்லு."

விசாரணை நாள் வந்தது. தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் மேனேஜரும் வக்கீலும். இந்தப் பக்கம் அக்கா, சலவைச் சட்டை போட்ட மூத்தவர், நான். வக்கீல் நன்றாகப் பேசினார். பழைய பதவி அடியோடு ஒழிந்துவிட்டது, இப்போது இருப்பது நவீனமான புதிய பொறுப்பு, அதன் கடமைகளே வேறு, அதற்கு வேறு தகுதி தேவை என்று அடுக்கினார். எனக்கே ஒரு நொடி அப்படித்தானோ என்று தோன்றிவிட்டது.

அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மேஜைமேல் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஆஸ்பத்திரி எண்ணை அமுக்கினார்.

"வணக்கம், ஆஸ்பத்திரி. பதறாம சொல்லுங்க, நான் கேக்கறேன்."

"நான் தொழிலாளர் அலுவலகத்துலேருந்து பேசறேன்மா. உங்க மேனேஜரும் இங்கதான் இருக்கார். உங்க வேலை என்னன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

மாடிப்படியில் யாரோ ஏறும் செருப்புச் சத்தம் மட்டும் போன் வழியாகக் கேட்டது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் அவளுக்கும் கேட்டிருக்கும். அக்கா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போன் எடுக்கறதுங்க" என்றது குரல்.

"வேற?"

"வேற... போன் வைக்கறதுங்க."

வக்கீலுக்கே உதடு துடித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"மிஷின் என்ன பண்ணுதும்மா?"

"அது ஒண்ணும் பண்ணலங்க. பெட்டியிலயே இருக்கு. இன்னும் யாரும் பிரிக்கல."

மூத்தவர் என் பக்கம் சாய்ந்து, தனக்குக் கிசுகிசுப்பாகத் தோன்றிய குரலில், அறையே அதிரும்படி, "என்ன சொல்றா?" என்று கேட்டார். "உண்மைய சொல்றா!" என்று நானும் அதே அளவுக்குக் கத்திச் சொன்னேன்.

போனில் பேசியதெல்லாம் சாட்சியாகாது என்று வக்கீல் எழுந்தார். "அதுவும் சரிதான்" என்று அதிகாரி தன் கைப்பையை எடுத்துக்கொண்டார். "வாங்க, நேர்லயே போய்ப் பாத்துடலாம். ரெண்டு தெரு தள்ளித்தானே?"

ஊர்வலம் மாதிரிதான் போனோம். முன்னால் அதிகாரி, பின்னால் அக்காவும் மூத்தவரும், வேர்வையைத் துடைத்தபடி மேனேஜர், கடைசியில் வக்கீலும் நானும். ஆஸ்பத்திரி வாசலில் எங்களைப் பார்த்த வாட்ச்மேன் சல்யூட் அடித்தார், யாருக்கு என்று தெரியவில்லை. படியடி அறையில் நாலு பேர் நிற்கவே இடம் போதாது. அதிகாரி குனிந்து உள்ளே போனார். டிபன் டப்பாவை மரியாதையாக எடுத்து மேஜையில் வைத்தார். பெட்டியின்மேல் படிந்திருந்த தூசியில் அந்த டப்பாவின் வட்டம் அச்சாக இருந்தது. டேப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுதான் இவங்க வேலையப் பாக்கற மிஷினா சார்?"

மேனேஜர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஒண்ணை அமுக்கினாலும் இரண்டை அமுக்கினாலும் அன்று அவரிடமிருந்து ஒன்றும் வந்திருக்காது.

அதற்குள் நர்சுகளும், சீட்டு எழுதுபவர்களும், நோயாளிகளோடு வந்தவர்களும் படியில் கூடிவிட்டார்கள். சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரே இறங்கி வந்தார். ஆபரேட்டர் அம்மா தன் விருப்பத்தோடு ஓய்வு பெற்றுக்கொண்டதாகத்தான் அவரிடம் சொல்லப்பட்டிருந்ததாம். அதிகாரி விஷயத்தை நாலே வரியில் சொன்னார். இது ஆட்குறைப்பே இல்லை. வேலையை விட்டு நிறுத்தியது செல்லாது. பழைய பதவி, பழைய சம்பளம், இடையில் விட்டுப்போன நாட்களின் சம்பளம், சர்வீஸில் முறிவில்லாமல் திரும்பச் சேர்க்க வேண்டும்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள்.

அந்தப் பெண் நாற்காலியின் ஓரத்தில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவள் தோளில் கை வைத்தாள். "உண்மைய சொன்னதுக்காக நாளைக்கே ஏஜென்சி இவளத் திருப்பிக் கூப்பிட்டுக்கும். அது நடக்கக் கூடாது. சாயங்காலம் நான் போனப்புறம் அடிக்கற போன எடுக்க ஒரு ஆள் வேணும். இவளையே போடுங்க. ஏஜென்சி ஆளா இல்ல, ஆஸ்பத்திரி ஆளா."

"அத உத்தரவா போட எனக்கு அதிகாரம் இல்லம்மா. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா ஒப்பந்தத்துல எழுதலாம்" என்றார் அதிகாரி.

பெரிய டாக்டர் மேனேஜரைப் பார்த்தார். "சாயங்காலத்துக்கு மேல போன யார் எடுக்கறது?"

"வாட்ச்மேன் சார்."

"அதான் என் சொந்தத் தங்கச்சியே போன் பண்ணப்போ 'காலையில பண்ணுங்க'ன்னு பதில் வந்துச்சா?"

கூட்டத்தில் முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு படி முழுக்கச் சிரிப்பு. பெரிய டாக்டரும் சிரித்துவிட்டார். "எழுதிக்குங்கம்மா, ஒத்துக்கறேன்" என்று அதிகாரியிடம் சொன்னார். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத்தான் கண் கலங்கியது. மூத்தவர் எதுவும் கேட்காமலே எல்லாம் புரிந்துகொண்டு, பார்க்கிறவர்கள் எல்லோரிடமும், "என் வீட்டுக்காரி, என் வீட்டுக்காரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை அக்கா வேலைக்குப் போனாள். இஸ்திரி மடிப்புக் கலையாத நீலப் புடவை. படியடிக்குப் போய் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டியதும் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தனவாம். வெளியிலிருந்து யாரும் இல்லை. ஒவ்வொரு வார்டிலிருந்தும், மருந்தகத்திலிருந்தும், எக்ஸ்ரே அறையிலிருந்தும் அவள் குரலைக் கேட்பதற்காகவே நர்சுகள் கூப்பிட்டிருக்கிறார்கள். "வேலை இல்லையா உங்களுக்கெல்லாம்? நிஜமான நோயாளி யாராவது வரிசையில காத்துட்டிருக்கப் போறாங்க, வைங்கடி!" என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, அழுதுகொண்டே அடுத்த பொத்தானை அமுக்கினாளாம்.

பிற்பகலில் அந்தப் பெண் வந்து நாற்காலியை வாங்கிக்கொள்வாள். ஊரார் அவளுக்குச் சின்ன ஹலோ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

விஷயம் அதோடு முடியவில்லை. சலவைப் பிரிவில் இருந்த ஒருவருக்கும், லிஃப்ட் இயக்குபவருக்கும் அதே மாதிரி டீயோடு அழைப்பு போயிருந்ததாம். அவர்கள் கையெழுத்துப் போடாமல் நேராகப் படியடிக்கு வந்தார்கள். அக்கா அவர்களோடு மேனேஜர் அறைக்குப் போனாள். பேசினாள். லிஃப்ட்காரருக்குச் சீட்டு எழுதும் இடத்தில் வேலை கிடைத்தது. இடமே இல்லை என்று முன்பு அக்காவிடம் சொன்னார்களே, அந்த இடத்தில்தான். சலவைக்காரர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். அந்த வருடமே ஊழியர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்காவை எதிர்த்துப் போட்டிக்கு யாருமே நிற்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் யாருடைய வேலையில் கைவைப்பதாக இருந்தாலும் மேனேஜர் முதலில் அக்காவை உட்கார வைத்துப் பேச வேண்டும். அவர் இன்னும் அதே மெத்தென்ற குரலில்தான் பேசுகிறார். ஆனால் நடுநடுவே நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாராம்.

வீட்டில்தான் என் பாடு திண்டாட்டம். நேற்று என் ஈரத்துணியைக் கொடியின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தன் புடவையை நடுவில் போட்டிருந்தாள். கேட்கப் போனேன். "முன்னறிவிப்பு இல்லாம என் இடத்த எடுத்தது நீதான். வா, உக்காந்து பேசலாம்" என்றாள். உட்கார்ந்தேன். பேசினோம். கொடியில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. வெயில் விழும் பாதி அவளுக்கு.